அவள் மட்டும் ஏறிப்போன நாற்காலி

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் என் மனைவி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்வேலி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பனிமலைய பாக்கணுங்க."

"என்னாது?"

"பனி. டிவில காட்டுவாங்களே, மலை முழுக்க வெள்ளையா. கண்ணு தெரியறப்பவே பாத்துடணும்."

டாக்டர் சொன்னதே இன்னும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. செத்தது திரும்பாது. மிச்சமிருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொட்டு மருந்து. அவரிடமும் அவ்வளவுதான் இருந்தது.

எனக்கு அது பிடிபடவே நாளாயிற்று. ஊசியில் நூல் கோக்கிறவளை, மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கிறவளை, பார்வை போகிறவள் என்று எப்படி நினைப்பது? நேரே இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். ஓரங்கள்தான் போய்விட்டிருந்தன. பக்கத்தில் வந்து நிற்கிறவர் தெரியாது. காலடியில் இருக்கும் படி தெரியாது. பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தவர்கள் சிரித்தால் கவனிக்காமல் போவாள். "யூனிட்டு நல்லா ஓடுதில்ல, அதான் நம்பள கண்டுக்கறது இல்ல" என்று சிலர் என் காதுபடவே பேசினார்கள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. பியூஸ் கட்டைக்கு வேண்டிய பீங்கான் சாமான் செய்கிறோம். சூளையில் பர்னர் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, மண் சரியில்லை என்றால் யாரோடு சண்டை போடுவது, எல்லாம் தெரியும். இதில் யாரோடு சண்டை போடுவது? காலையும் மாலையும் அவள் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வாள். நான் கண்ணுக்கு ஒரு சொட்டாக விடுவேன். குறி தவறி மருந்து கன்னத்தில் வழிந்தால், "பரவால்ல, இன்னொரு தரம் வுடுங்க" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்வாள்.

"எதுக்குப் பனி? வேளாங்கண்ணி போலாம், கன்னியாகுமரி போலாம்" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டுப் பார்த்தேன்.

"கடல பாத்துட்டேன். பனிய பாக்கல" என்றாள்.

மங்கலம்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். ரொம்ப வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே கூட வேலை செய்த வடக்கத்திக்காரர்களிடம் இந்தி நன்றாகப் பேசப் பழகியிருந்தார். அதை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இந்தப் பக்கத்து ஆட்களை வடக்கே டூர் அழைத்துப் போகிறார். கூடவே சமையல்காரரும், அரிசி மூட்டையும், சாம்பார் பொடியும் வரும். மாசி மாதம் டெல்லி, ஆக்ரா, அப்புறம் இமயமலையில் பனிச்சறுக்கு விளையாடுகிற ஓர் இடம் என்று சொன்னார். டாக்டரைக் கேட்டோம். போகலாம், கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றக் கூடாது என்றார். ஓசூரில் இருக்கிற மகன், "தாராளமா போய்ட்டு வாங்கப்பா, அம்மா கைய மட்டும் வுட்டுடாதீங்க" என்றான்.

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறியதிலிருந்து நான் அவள் கையை விடவில்லை. சென்னை, டெல்லி, அப்புறம் மலைப்பாதையில் பஸ். பஸ்ஸில் எல்லாருக்கும் அவள் கண்ணைப் பற்றித் தெரியும். முதல் நாளே அவளே சொல்லிவிட்டாள். "நான் கண்டுக்காம போனா கோவிச்சுக்காதீங்க, ஓரம் தெரியாது எனக்கு." அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. வேப்பூரில் ஓட்டல் வைத்திருக்கிற ஒரு பையனும் அவனைப் புதிதாய்க் கட்டிக்கொண்டு வந்த பெண்ணும் எங்களுக்கு முன் சீட்டில் இருந்தார்கள். அந்தப் பெண் அடிக்கடி திரும்பி, "ஆன்ட்டி, லெப்ட் சைடுல அருவி, திரும்புங்க திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது. பாதி வழியில் என் வேலையே போய்விட்டது.

கடைசி மலை ஏறும்போது பாய் மைக்கைப் பிடித்தார்.

"கேட்டுக்கங்க எல்லாரும். மேல போனா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணொண்ணு இருக்குது. சறுக்கத் தெரிஞ்சவங்க காலுல பலகைய மாட்டிகிட்டு உச்சியில இருந்து வருவாங்க, நம்ப ஆளுங்க யாரும் அந்தப் பக்கமே போவாதீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு டியூபு, தள்ளு வண்டி. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குப் போட்டோ. வயசானவங்களுக்கு வெயில்ல நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்க, டீய குடிச்சிட்டு ஒக்காந்துகிட்டே எல்லாத்தயும் பாக்கலாம். அப்புறம் கம்பில தொங்குற லிப்ட்டு. மேல கொண்டு போயி, திருப்பி கீழ கொண்டாந்து வுடும்."

நான் மனசுக்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு அதுதான் என்று தோன்றியது. திரும்பி அவளைப் பார்த்தேன்.

"லிப்ட்டுல போலாங்க" என்றாள்.

வழியில் ஒரு கடையில் பனி உடுப்பு வாடகைக்கு எடுத்தோம். கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பு, மஞ்சள் நிறம். புடவையோடு அதற்குள் இறங்கினாள். நாலு பேர் முன்னால் புடவையைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு, ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். வெல்டிங் கடை ஆள் மாதிரி இருக்கிறாய் என்றேன். சிரித்தாள். எனக்குக் கிடைத்த உடுப்பில் யாருடைய வியர்வை நாற்றமோ அடித்தது. ரப்பர் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது.

மேலே போய் இறங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நம் ஊர் வெயில் எனக்குப் பழக்கம்தான். சித்திரையில் எஸ்டேட்டில் நின்றவனுக்கு வெயில் என்ன புதுசு? ஆனால் அந்த வெயில் மேலேயிருந்தும் வந்தது, கீழேயிருந்தும் வந்தது. மேகம் ஒரு பொட்டு இல்லை. முகம் சுடுகிறது, கால் மரத்துப் போகிறது. கறுப்புக் கண்ணாடி அவளிடம் மட்டும்தான் இருந்தது. எனக்கு ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் சொன்னது போலத்தான் இருந்தது. சறுக்கத் தெரிந்தவர்கள் உச்சியிலிருந்து நெளிந்து நெளிந்து இறங்கிவந்து, கீழே வந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் பனியைத் தெறிக்கவிட்டு நின்றார்கள். பிள்ளைகள் டியூபில் உட்கார்ந்து கத்திக்கொண்டே சறுக்கின. ஜோடிகள் பனியை அள்ளி மேலே வீசிக்கொண்டு போட்டோவுக்கு நின்றன. எங்கள் வேப்பூர்ப் பையன் வாடகைக் கம்பளிக் கோட்டோடு பெண்டாட்டியைத் தூக்கப் பார்த்து இரண்டு பேரும் விழுந்தார்கள். ஒரு பக்கம் வரிசையாக நாற்காலிகள். வயதானவர்கள் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றுமே செய்யாமல் கிடந்தார்கள். சிலர் அதற்காகவே வந்தவர்கள் போல இருந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. பாய் அவரை அழைத்துக்கொண்டு கீழே ஓட்டலுக்குப் போய்விட்டார். "ஒரு மணி நேரத்துல வந்துடறேண்ணே, பத்திரமா இருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாங்கள் லிப்ட்டுக்கு வரிசையில் நின்றோம். கம்பியில் தொங்கிவரும் ஒரு நாற்காலியில் மூன்று பேர் உட்காரலாம். அது நிற்காது. பின்னால் வந்துகொண்டே இருக்கும். தரையில் போட்டிருக்கும் கோட்டில் போய் நின்றால் முழங்காலுக்குப் பின்னால் வந்து தட்டும், உட்கார்ந்துவிட வேண்டும். அவளை நடுவில் விட்டேன். அந்தப் பக்கம் வெள்ளை முடியும் நீலக் குல்லாயுமாக வயதான வடக்கத்தி அம்மா ஒருத்தர். இந்தப் பக்கம் நான். அவள் தன் போனை என்னிடம் கொடுத்து, "பையில வெச்சிக்குங்க, வுழுந்துடப் போவுது" என்றாள்.

"தட்டினதும் ஒக்காரு. திரும்பிப் பாக்காத" என்றேன்.

"நீங்க பாத்து" என்றாள்.

தட்டியது. அவள் உட்கார்ந்தாள். நான் ஒரு காலை நகர்த்தினேன். அந்தப் பெரிய பூட்ஸ் பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு போனது. மல்லாந்து விழுந்தேன். நாற்காலி என் முகத்துக்கு மேலே போனது. லிப்ட்டுக்காரன் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டான். எழுந்து பார்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். "ஏங்க! ஏங்க!" என்று ஒரு குரல் கேட்டது. அவள் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். நான் இருந்தது அவளுக்குத் தெரியாத பக்கம். அந்த வடக்கத்தி அம்மா கையை நீட்டித் தலைக்கு மேலே இருந்த தடுப்புக் கம்பியை இழுத்து இரண்டு பேருக்கும் முன்னால் போட்டார். அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பின்னாலேயே அடுத்த நாற்காலியில் ஏறப் போனேன். லிப்ட்டுக்காரன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்து என்னவோ சொன்னான். என் பூட்ஸைக் காட்டினான். வரிசையின் கடைசியைக் காட்டினான். அந்த நேரத்தில்தான் மோட்டார் ஒரு முனகலோடு நின்றது.

கம்பி முழுக்க நாற்காலிகள் அப்படியே அந்தரத்தில் நின்று ஆடின.

கரண்டு போய்விட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தி வேண்டியிருக்கவில்லை. லிப்ட்டுக்காரன் இரண்டு விரலைக் காட்டி, "தோ மினிட், தோ மினிட்" என்றான். அப்புறம் ஜெனரேட்டர் இருந்த கொட்டகைக்குள் போனான். உள்ளே யாரோ கயிற்றை இழுப்பதும், அது இருமிவிட்டு நிற்பதும் கேட்டது.

நான் அண்ணாந்து பார்த்தேன். கம்பி ஏறிப்போகிற பக்கத்தில்தான் சூரியன் இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். எல்லா நாற்காலியிலும் மஞ்சள் உடுப்புக்காரர்கள். எல்லாரும் ஒரே கடை வரிசையில் வாடகைக்கு எடுத்தவர்கள்தானே. எதில் அவள்? எங்கே நிற்கிறது? எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பார்வை போகிறது என்று அழைத்து வந்தவன் நான். அவளைப் பார்க்கக் கண் இல்லாமல் நின்றேன்.

லிப்ட் ஓடத் தொடங்கினாலும் எனக்கு நிம்மதி இல்லை. மேலே போய் இறங்க வேண்டும். நாற்காலி அங்கேயும் நிற்காது. தரை வரும்போது கால் ஊன்றி எழுந்து விலகிவிட வேண்டும். தரை எங்கே இருக்கிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? டவுன் பஸ்ஸில் இறங்கும்போதுகூட அவள் கால் காற்றில் தடவிக்கொண்டு நிற்கும். கண்டக்டர் "எறங்கும்மா" என்று கத்துவார். இங்கே யார் இருக்கிறார்கள்?

கொட்டகைக்குப் போய் லிப்ட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் ஒய்ப்பு. கண்ணு தெரியாது. ஐ... ஐ நோ" என்று என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத்தான் கண் எரிகிறது போல என்று நினைத்து அவன் எதிரில் கறுப்புக் கண்ணாடி விற்கிற ஆளைக் காட்டினான். பாய்க்குப் போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் அவளுக்கு அடித்தேன். என் உடுப்புப் பைக்குள்ளேயே மணி அடித்தது.

சுற்றிலும் ஒன்றும் மாறவில்லை. டியூபுகள் சறுக்கிக்கொண்டிருந்தன. யாரோ நூடுல்ஸ் தட்டோடு என் முதுகில் இடித்துவிட்டுப் போனார்கள். நாற்காலிக்காரர்கள் ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் அந்த மலையில் ஏதோ ஒன்று இருந்தது. நான் தொடை நனைந்து, விரல் மரத்து, உடுப்பின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாமல் நின்றிருந்தேன். மாதாவை வேண்டிக்கொள்ளலாம் என்றால் 'அருள் நிறைந்த மரியே' என்பதற்கு அடுத்த வார்த்தை வரவில்லை.

வேப்பூர்ப் பெண்தான் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தது.

"அங்கிள், ஆன்ட்டி எங்க?"

கையை மேலே காட்டினேன். அதற்குப் புரிந்துவிட்டது. ஸ்கூலில் படிக்கும்போது இரண்டு இந்திப் பரீட்சை எழுதியிருக்கிறதாம். லிப்ட்டுக்காரன் முன்னால் போய் நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "பையா, ஹமாரா ஆன்ட்டி... ஆங்க்... நஹி ஹை" என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டியது.

அவன் திகைத்துப் போனான். "அந்தீ ஹை?" என்று கேட்டான்.

"அப்படின்னா?" என்றேன்.

"குருடான்னு கேக்கறான் அங்கிள். என்னான்னு சொல்ல? ஓரம்னா இந்தியில என்னான்னு தெரியலியே."

"ஆமான்னே சொல்லும்மா" என்றேன்.

அவ்வளவுதான். அவன் வாக்கி டாக்கியை எடுத்து மேலே இருந்தவர்களிடம் வேகமாகப் பேசினான். நான் சொல்லச் சொல்ல, மஞ்சள், நீலக் குல்லாய் என்று அந்தப் பெண் தெரிந்த வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தது. பிறகு தன் போன் காமிராவைப் பெரிதாக்கி நாற்காலி நாற்காலியாகத் தேடியது.

"தோ அங்கிள்! நீலக் குல்லா பக்கத்துல. ஆன்ட்டிதான். கருப்புக் கண்ணாடி தெரியுது. காலை ஆட்டிகிட்டு இருக்காங்க."

"என்னா பண்றா?"

"காலை ஆட்டிகிட்டு இருக்காங்க அங்கிள். ஊஞ்சல்ல ஒக்காந்தா ஆட்டுவமே, அப்படி. அந்தம்மா என்னமோ தராங்க. ஆன்ட்டி வாங்கி சாப்படறாங்க."

நான் நம்பவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது.

ஜெனரேட்டர் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. நாற்காலிகள் நகர்ந்தன. மேலே அவளுக்காக லிப்ட்டை நிறுத்தி இறக்கினார்கள் என்று வாக்கி டாக்கியில் சேதி வந்ததும் அந்தப் பெண் துள்ளிக் குதித்தது. நான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் உடனே வரவில்லை. வருகிற ஒவ்வொரு நாற்காலியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் திரும்பி வந்து, விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, அவரும் என்னோடு நின்றார். ரொம்ப நேரம் கழித்து அவளும் நீலக் குல்லாய் அம்மாவும் சேர்ந்து வந்தார்கள். லிப்ட்டுக்காரன் மோட்டாரை நிறுத்தி அவளைத் தூக்காத குறையாக இறக்கினான். மூக்கும் கன்னமும் வெயிலில் கறுத்துப் பளபளத்தன.

"அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டாள். நான் கேட்க வேண்டியது.

"இவ்ள நேரம் என்னா பண்ண மேல?"

"ஒக்காந்திருந்தோம்."

"பயமா இல்லியா?"

"மொதல்ல பயந்துதான் போனேன், நீங்க வுழுந்துட்டீங்கன்னு. அப்புறம் அந்தம்மா கையப் புடிச்சிகிட்டாங்க. பாதாம் பருப்பு குடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, மேல எங்க பாத்தாலும் ஒரே வெள்ள. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழ, எல்லாம் ஒண்ணு. எனக்கு எது தெரியல, எது தெரியுதுன்னு எனக்கே தெரியல. எல்லாம் முழுசா தெரியற மாதிரியே இருந்துச்சி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது. அவள் இருந்த இடத்தில் நான் இல்லை. மறுநாள் காலையில் இன்னொரு தரம் போகலாமா என்று நானே கேட்டேன். ஆனால் காற்று பலமாக இருக்கிறதென்று லிப்ட்டை மூடிவிட்டார்கள். எங்கள் பஸ் மதியம் கிளம்பியது.

அந்த நீலக் குல்லாய் அம்மா பஞ்சாப் பக்கம். அவருடைய மகன் நன்றாகச் சறுக்குவானாம். அவன் கூட வருஷாவருஷம் வந்து, அவன் சறுக்கி முடிக்கும்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பாராம். பாய் மொழிபெயர்த்துச் சொன்னார். அன்றைக்குப் பிரியும் முன் அந்த அம்மா என் பையிலிருந்த மனைவியின் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே போட்டுக் கொடுத்தார்.

ஊருக்கு வந்த பிறகு மறுபடி பாண்டிச்சேரி போனோம். அங்கே ஒரு இருட்டறையில் எந்திரத்துக்குள் முகத்தை வைத்து உட்கார வைப்பார்கள். சுற்றிலும் எங்கெங்கோ பொட்டு வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பட்டன் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. உள்ளே வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். நடுவே ஒரு சத்தம், மறுபடி நீண்ட மௌனம். எழுந்து போய் அந்தப் பட்டனை நானே அழுத்திவிடலாமா என்று இருந்தது.

போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மருந்தை மாற்றி எழுதினார். இப்போது ஒரு நாளைக்கு இன்னொரு வேளையும் சொட்டு விடுகிறேன். மதியம் யூனிட்டிலிருந்து அதற்காகவே வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த அம்மா வீடியோவில் கூப்பிடுவார். போன ஞாயிறும் கூப்பிட்டார். "கொறஞ்சிருக்குதுன்னு சொல்லிட்டாங்கம்மா. மருந்து மாத்தியிருக்காங்க. எரியுது" என்று இவள் தமிழில் சொன்னாள். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுத் தன் மொழியில் நீளமாக என்னவோ சொன்னார். இவள் "ம்... ம்..." என்று கேட்டாள். நடுவில் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலிங்க" என்றாள். "போன கொஞ்சம் நேரா புடிங்க. அவங்க மொகம் தெரியல."

நான் நேராகப் பிடித்தேன். அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.